உடைவது போல்ட், பிழை இணைப்பில்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, சூளகிரி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரப் பட்டறைகளில் எஸ்.யூ.வி. உரிமையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. காலையில் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சின் பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், சிலிண்டர் ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கோடியில் ஒரு போல்ட்டின் தலையைக் காணோம். “போல்ட்டு மட்டம் சார். ஹைடென்ஷன் போல்ட் போட்டு நல்லா டைட் வச்சுடலாம், இனிமே அசையாது.” வேலை முடிந்து வண்டி வெளியே போகிறது. சில மாதங்கள் கழித்து அதே சத்தம், அதே கோடி, அதே துளை.

இந்தத் தீர்ப்பு தவறு. மெக்கானிக் மட்டும் சொல்லும் தவறென்றால் விட்டுவிடலாம். பழைய வண்டி விற்பவர், உதிரிபாகக் கடைக்காரர், சர்வீஸ் சென்டர் மேற்பார்வையாளர், உரிமையாளர் என்று எல்லோரும் நம்பும் தவறு இது. அதன் விலையை உரிமையாளரே ஒவ்வொரு முறையும் கட்டுகிறார்.

போல்ட்டையே குற்றம் சொல்லும் தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிட வேண்டும். உடைந்து கையில் வருவது போல்ட்தான். மேனிஃபோல்டும் ஹெட்டும் பார்வைக்கு முழுசாகவே நிற்கின்றன. சந்தையில் போலி போல்ட்டுகள் புழங்குவது உண்மை. டார்க் ரெஞ்ச் தொடாமல் கைப்பழக்கத்திலேயே இறுக்கும் பட்டறைகள் ஏராளம் என்பதும் உண்மை. புதுப் போல்ட் போட்டதும் சத்தம் நின்றுவிடுகிறது. மருந்து வேலை செய்தால் நோயும் அதுதான் என்று நினைப்பது இயல்பு. இவற்றிலிருந்து நான்கு முடிவுகளுக்கு வருகிறார்கள்: போல்ட்டின் தரம் குறைவு; அதைவிட வலுவான போல்ட் போட்டால் தீரும்; இன்னும் இறுக்கினால் நிற்கும்; அதுவரை ஓட்டினாலும் சத்தத்தைத் தவிர ஆபத்தில்லை. சர்வீஸ் சென்டர் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறது: இது தேய்மானம், வாரண்டியில் வராது.

ஐந்தும் நிற்காது.

1. போல்ட் மட்டம் என்றால், ஏன் எப்போதும் கோடிப் போல்ட்டே உடைகிறது? ஒரு மேனிஃபோல்டைப் பிடிக்கும் எட்டுப் பத்து போல்ட்டுகளும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. அவற்றில் மட்டமானது எந்தத் துளைக்குப் போகும் என்பது தற்செயல். அப்படியானால் உடைவும் சிதறியிருக்க வேண்டும்: ஒரு வண்டியில் நடுவில், இன்னொன்றில் இரண்டாவது துளையில், வேறொன்றில் ஓரத்தில். நடப்பது அதுவல்ல. முதல் துளை அல்லது கடைசித் துளை, அதற்கு அடுத்ததுதான் மற்றவை.

உலகம் முழுக்க இதே கதை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் வி8 எஞ்சின் பொருத்திய டாஹோ, சபர்பன் வண்டிகளில் ஃபயர்வாலை ஒட்டிய கடைசிப் போல்ட் தலை தெறிப்பது மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். உடைந்த துண்டை எடுக்காமலேயே மேனிஃபோல்டின் கோடியை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பை டார்மன் போன்ற உதிரிபாக நிறுவனங்கள் தனிச் சரக்காகவே விற்கும் அளவுக்கு அது வாடிக்கையாகிவிட்டது. ஃபோர்டு எக்ஸ்பெடிஷனில் வந்த 5.4 லிட்டர் டிரைட்டன் எஞ்சினில் ஸ்டட் உடைவது இன்னொரு பிரபலமான கதை. டாட்ஜ் டுராங்கோவின் 5.7 லிட்டர் ஹெமி மூன்றாவது. லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் ஐந்து சிலிண்டர் டிடி5 டீசல் நான்காவது. நாடு வேறு, கம்பெனி வேறு, எரிபொருள் வேறு, போல்ட் செய்து கொடுத்தவர் வேறு. உடையும் இடம் மட்டும் ஒன்று. இத்தனையும் மாறி ஒன்று மட்டும் மாறாமல் நின்றால், காரணத்தை மாறாத அந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

2. கோடியில் அப்படி என்ன இருக்கிறது? அங்கே அசைவு இருக்கிறது. மேனிஃபோல்டின் இரும்பு வார்ப்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும். ஹெட்டின் அலுமினியம் சுமார் 23 மைக்ரோமீட்டர். அலுமினியமே அதிகம் நீளும் என்றாலும், ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுவதால் அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மேனிஃபோல்டுக்கு அந்த வசதி இல்லை. டீசலில் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது வெளியேறும் புகை 600 டிகிரியைத் தாண்டும். பெட்ரோலில் 800, 900 வரை போகும்.

நம்மூரில் ஓடும் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினில் மேனிஃபோல்டின் நீளம் 350 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்டோடு பொருந்தும் அதன் ஃபிளாஞ்ச் 350 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 1.5 மில்லிமீட்டர் நீளும். 80 டிகிரி கூடுதலாகச் சூடேறிய ஹெட் அதே நீளத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் நீளும். வித்தியாசம் 0.8 மில்லிமீட்டருக்கு மேல். நடுவிலிருந்து இரு பக்கமும் பிரிந்தால், ஒவ்வொரு கோடியிலும் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். நடுப் போல்ட்டுக்கு இந்த அசைவு கிட்டத்தட்ட பூஜ்யம். கோடிப் போல்ட் மட்டும் ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகும்போதும் ஒரு பக்கம் சாய்க்கப்பட்டு, ஆறும்போது திரும்பி வருகிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோலத்தான் இதுவும், வளைவு சின்னது, ஒடிய மாதங்கள் ஆகின்றன, அவ்வளவே. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கிளப்பினாலே ஆண்டுக்கு 700 தடவைக்கு மேல். சூளகிரியிலிருந்து சிப்காட்டுக்கும், அங்கிருந்து ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நாளெல்லாம் நின்று நின்று ஓடும் வாடகை எஸ்.யூ.வி.க்கு இதன் பல மடங்கு.

கதை இதோடு முடிவதில்லை. சூட்டில் முழுதாக நீள விடாமல் போல்ட்டுகள் பிடித்திருப்பதால், சிவக்கச் சூடான மேனிஃபோல்டு உள்ளுக்குள் நசுங்குகிறது. ஆறியபின் அது பழைய நீளத்துக்கு வருவதில்லை, கொஞ்சம் குட்டையாகிவிடுகிறது. பல ஆண்டு ஓடிய மேனிஃபோல்டைக் கழற்றித் திரும்ப வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நடுத்துளைகள் சரியாக உட்காரும், கோடித் துளை ஸ்டட்டை விட்டு விலகி நிற்கும். பட்டறையில் அப்போது கடப்பாரையோ நீள ஸ்குரூடிரைவரோ கொடுத்து நெம்பி, துளையைப் போல்ட்டின் பக்கம் இழுத்து, இறுக்கிவிடுகிறார்கள். அந்தப் புதுப் போல்ட் வண்டி கிளம்பும் முன்பே வளைந்துதான் வேலையைத் தொடங்குகிறது. அது மறுபடி உடைந்தால் குற்றம் மறுபடியும் போல்ட்டின் தலையில்.

3. “ஹைடென்ஷன் போட்டால் நிற்கும்” என்பது மூன்று இடத்தில் தவறுகிறது. முதலாவது, வலு என்று போல்ட் தலையில் அடித்திருக்கும் எண் எந்தச் சூட்டில் அளந்தது? 8.8, 10.9, 12.9 என்ற தர எண்களை வகுக்கும் ஐஎஸ்ஓ 898-1 தரநிலையும், அதற்கு இணையான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1367-இன் மூன்றாம் பகுதியும், அறை வெப்பநிலையில் செய்யும் சோதனையைத்தான் பேசுகின்றன. 8.8 போல்ட்டின் இழுவிசைத் தாங்குதிறன் 800 மெகாபாஸ்கல், 12.9-க்கு 1200 என்பது குளிர்ந்த போல்ட்டின் கணக்கு. இவற்றுக்கு வலு வந்ததே எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்து, பிறகு 425 டிகிரி அல்லது அதற்கு மேல் பதப்படுத்தியதால். அந்தச் சூட்டை நெருங்கும் இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் போல்ட் மெல்ல மெல்லத் தளர்கிறது; இறுக்கிய பிடி கரைகிறது.

இரண்டாவது தவறு இன்னும் அடிப்படையானது. எடையைத் தாங்க வேண்டிய போல்ட் என்றால் வலுவானது நிற்கும், வலுவற்றது உடையும். இங்கே எடை சிக்கலில்லை. மேனிஃபோல்டு 0.4 மில்லிமீட்டர் நகர்ந்தே தீரும். போல்ட் வலுவானதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இப்படித் திணிக்கப்படும் அசைவில், வளைவால் போல்ட்டுக்குள் ஏறும் அழுத்தம் அதன் தடிமனைப் பொறுத்துக் கூடும். நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். போல்ட்டைத் தடிப்பாக்கினால் வளைவு அழுத்தம் ஏறுகிறது. நீளத்தை இரண்டு பங்காக்கினால் அது கால் பங்காக இறங்குகிறது. ஆகவே தடித்த, குட்டையான, கெட்டியான போல்ட் என்ற பட்டறைத் தீர்வு, தேவைப்படும் திசைக்கு நேர் எதிரே போகிறது.

மூன்றாவது, வலுவான போல்ட் புதிய ஆபத்துகளைக் கூடவே கொண்டு வருகிறது. 8 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இறுக்கம் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 12.9-க்கு அது 40-ஐத் தாண்டும். அந்த இறுக்கத்தை அலுமினிய ஹெட்டின் மரையில் கொடுத்தால் மரை பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்னும் மரைச்சுருள் போட வேண்டும்; அதுவும் கோடியில், ஃபயர்வாலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கை நுழையாத இடத்தில். பளபளவென்று துத்தநாக முலாம் பூசிய 12.9 போல்ட் இன்னும் மோசம். மின்முலாம் பூசும்போது எஃகுக்குள் நுழையும் ஹைட்ரஜன், அதிக வலுவுள்ள போல்ட்டை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளக்கூடும். இறுக்கி ஓரிரு நாளிலேயே சத்தமில்லாமல் தலை தெறிக்கலாம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும் என்பதையும் மறக்கக் கூடாது. மேனிஃபோல்டுக்கு அந்த முலாம் பொருந்தவே பொருந்தாது.

4. “அப்ப ஸ்டெயின்லெஸ் போடலாம்” என்பார்கள். எளிதில் துருப்பிடிக்காது, சூட்டிலும் வலு அவ்வளவாகக் குறையாது என்பது சரி. அது நீள்வது எவ்வளவு என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். சாதாரண 304 வகை ஸ்டெயின்லெஸ் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 17 மைக்ரோமீட்டர் நீளும். இரும்பு மேனிஃபோல்டு 12. போல்ட் பிடிக்கும் பிடி என்பது, இறுக்கும்போது அது கொஞ்சம் இழுபட்டு நிற்பதால் வருவது. 400 மெகாபாஸ்கல் இறுக்கத்தில் அந்த இழுப்பு ஆயிரத்துக்கு இரண்டு பங்கு. இரண்டும் 350 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், ஸ்டெயின்லெஸ் போல்ட் இரும்பு ஃபிளாஞ்சை விட ஆயிரத்துக்கு 1.75 பங்கு அதிகமாக நீண்டுவிடுகிறது. அதாவது, ஏற்றத்தில் முக்கி ஏறும் நேரத்தில், பிடி அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில், பிடியின் பெரும்பகுதி காணாமல் போகிறது. கேஸ்கட் புகைய ஆரம்பிக்கும். தொழிற்சாலைகள் ஸ்டெயின்லெஸ்ஸும் நிக்கல் கலப்பு உலோகமும் போடுகின்றனவே என்று கேட்டால், போடுகின்றனதான். மேனிஃபோல்டின் உலோகம், போல்ட்டின் நீளம், கேஸ்கட் எல்லாவற்றையும் அதற்கேற்ப வடிவமைத்துவிட்டுப் போடுகின்றன. கடையில் வாங்கி ஒரே ஒரு துளையில் மாட்டுவது அந்த வேலையல்ல.

5. இறுக்கம்தான் குறை என்றால், இறுக்கியபின்னும் உடைவானேன்? அதிகமாக இறுக்கி உடையும் போல்ட் ஸ்பேனரின் கீழேயே உடையும். இல்லாவிட்டால் கழுத்து மெலிந்து நீளும். மாதக்கணக்கில் ஓடி, ஒரு காலையில் தலை விழுவது வேறு வகை மரணம். எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. உடைந்த துண்டின் முகமே போதும். ஒரே இழுப்பில் உடைந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும், ஓரம் மெலிந்திருக்கும். களைத்து உடைந்தால் முகத்தில் இரண்டு பகுதி தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போன்ற வளைகோடுகளோடு இருக்கும். பல நேரம் அதில் கரி படிந்து கறுத்திருக்கும். அது பழைய விரிசல், பல வாரமாகப் புகையைக் குடித்தது. மற்ற பகுதி பளிச்சென்று, சொரசொரப்பாக இருக்கும். அன்று காலை கடைசியாகப் பிய்ந்தது. விரிசல் பெரும்பாலும் மரையின் முதல் சுற்றில் தொடங்கியிருக்கும், பாரம் அதிகம் விழுவது அங்கேதான். இந்த முகத்தைப் பார்க்காமலேயே எத்தனை துண்டுகள் பட்டறை வாசலில் எறியப்படுகின்றன!

இறுக்கம் என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தலைக்கு அடியிலும் மரையிலும் உரசலாகவே செலவாகிறது. மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. துரு படிந்த மரையில் அதே முறுக்கு கொடுத்தால் பிடி பாதியாகலாம். எண்ணெய் தடவிய மரையில் ஒன்றரை மடங்காகலாம். ஆகவே “நல்லா டைட் வச்சேன்” என்பதற்கு அளவே கிடையாது. எதிர்த்தரப்பு சொல்வதில் இங்கே ஒரு உண்மை உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நடுவிலிருந்து கோடிக்கு வரிசையாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்காத மேனிஃபோல்டு சீக்கிரம் வளையும். ஆனால் அந்த உண்மை, போல்ட்டை இன்னும் இறுக்கு என்று சொல்லவில்லை. எல்லாப் போல்ட்டையும் சமமாக, அளவாக இறுக்கு என்கிறது. அளவு மீறிய இறுக்கம் மேனிஃபோல்டைச் சறுக்க விடாமல் பிடித்து, வளைவையும் சுருக்கத்தையும் கூட்டுகிறது.

6. “சத்தம்தானே, ஓட்டுங்க” என்பது இவற்றில் மிக ஆபத்தான வரி. சூடேறியதும் சத்தம் நின்றுவிடுகிறது என்பதால் அது நம்பிக்கையும் தருகிறது. இரும்பு நீண்டு இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் நிற்கிறது. கோளாறு அப்படியே இருக்கிறது. ஒரு போல்ட் போனபின் அந்தக் கோடி ஹெட்டை விட்டு மேலெழும்ப இடம் கிடைத்துவிட்டது. அடுத்த போல்ட்டின் மேல் இரண்டு பேரின் பாரம்.

கசிவு எஞ்சினுக்குள் போய் வேலை செய்கிறது. புகை வெளியேறுவது துடிப்புத் துடிப்பாக. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று அதே இடைவெளியால் உள்ளே நுழைகிறது. பெட்ரோல் வண்டியின் ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்து, எரிபொருள் குறைவு என்று தவறாக முடிவு கட்டுகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் போகிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கொதிக்கிறது. டீசலில் டர்போவைச் சுற்ற வேண்டிய புகை வழியிலேயே தப்பிவிடுகிறது. இழுவை குறைகிறது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிக்கிறார், சூடு இன்னும் ஏறுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் புகை சுத்திகரிப்புக் கருவிகள் அனைத்தும் இந்த இணைப்புக்குப் பிறகுதான் இருக்கின்றன. கசிவு அவற்றைத் தாண்டிக் குதித்து வெளியேறுகிறது. அருகில் ஓடும் ஒயரும் ரப்பர் ஹோஸும் அந்தச் சூட்டை வாங்குகின்றன.

அதற்கும் மேலே கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. மேனிஃபோல்டு கசிவு கேபினுக்குள் வரக்கூடும் என்ற சந்தேகத்தை அரசு அமைப்பே பெரிதாக எடுத்துக்கொண்ட நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2016-இல் ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்.யூ.வி.க்களில் புகை நாற்றம் வருவதாக வந்த புகார்களை விசாரிக்கத் தொடங்கியது. 2017 ஜூலையில், 2011 முதல் 2017 வரையிலான மாடல்கள், சுமார் 13 லட்சம் வண்டிகள் என்று விசாரணையை விரித்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாத மேனிஃபோல்டு விரிசல் காரணமாக இருக்கலாம் என்பதற்கு முதற்கட்டச் சான்று கிடைத்ததாகவும் சொன்னது. டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரக் காவல்துறை ஏறக்குறைய 400 எக்ஸ்புளோரர்களை ஓட்டத்திலிருந்து விலக்கியது. 2023 ஜனவரியில் அந்த விசாரணை ரீகால் உத்தரவின்றி முடிந்தது. கூடுதல் கருவிகள் பொருத்தத் துளையிட்டுச் சரியாக அடைக்காத வண்டிகளிலும், பின்பக்கம் மோதிப் பழுதுபார்த்த வண்டிகளிலும்தான் வாயு அதிகம் நுழைந்தது என்றது முடிவு. அந்த முடிவு சூளகிரி வாசகருக்குத் தரும் செய்தி தெளிவானது. பாடியில் அடைப்பு சரியாக இருக்கும்வரைதான் கசிவு வெளியே நிற்கும். பின்பக்கம் இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டிகள் நம் சாலையில் எத்தனை என்பதை யோசித்துவிட்டு, பிறகு சொல்லலாம் “சத்தம்தானே” என்று.

7. தேய்மானம் என்பது யாருக்கு வசதியான பதில்? சர்வீஸ் சென்டர் சொல்வது இது: மலைப்பாதை, பாரம், வெயில், மழை, ஓட்டுகிற விதம் அப்படி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை சுமார் 50 கிலோமீட்டரில் சாலை 350 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. நடுவில் மேலுமலைக் கணவாய். முக்கி ஏறிச் சிவந்த மேனிஃபோல்டின் மேல் மழைத்தண்ணீர் தெறிப்பதும் உண்டு. எல்லாம் மெய். ஆனால் மலையும் பாரமும் தாங்கும் என்று விளம்பரம் செய்துதானே அந்த வண்டி விற்கப்பட்டது? எதிர்பார்த்த உபயோகத்தில் உடைவதைப் பயனாளியின் குற்றமாக்க முடியாது.

தவிர்க்கவே முடியாத விஷயம் என்று தள்ளவும் வழியில்லை. அதே மேலுமலையில், அதே மழையில், பல மடங்கு பாரத்தோடு லாரிகள் ஏறுகின்றன. கனரக ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றின் பக்கம் நின்று பார்த்தால் பதில் கண்ணில் படும். அங்கே மேனிஃபோல்டு பொதுவாக ஒரே துண்டாக இருக்காது. இரண்டு மூன்று துண்டுகளாக, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இணைப்போடு வரும். நீளும்போது துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று போகும், போல்ட் வளையாது. போல்ட்டின் தலைக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே உருளைக் குழாய் போன்ற ஸ்லீவ் இருக்கும். போல்ட் நீளமாக இருக்கத்தான் அது. ஓசூரில் 1980 முதல் லாரி கட்டப்படுகிறது. சிப்காட் முழுக்க வாகன உதிரிபாகம் செய்யும் ஆலைகள். இந்த அறிவு இங்கே இல்லாத அறிவல்ல.

சின்ன எஞ்சினுக்கும் வழி உண்டு. கோடித் துளைகளை நீள்வட்டமாகவோ பெரிதாகவோ விடுவது. ஃபிளாஞ்சைத் துளைக்குத் துளை தனியாக வெட்டிவிடுவது. சறுக்க வசதியாகப் பூச்சுள்ள பல அடுக்கு எஃகு கேஸ்கட் போடுவது. லேண்ட் ரோவர் டிடி5 வைத்திருப்பவர்கள் பட்டறையிலேயே இதைச் செய்துகொண்டார்கள். மேனிஃபோல்டின் கால்களுக்கு நடுவே ஃபிளாஞ்சுகளை இணைத்திருந்த இரும்புப் பாலங்களை வெட்டி எடுத்துவிட்டு, முகத்தைச் சமப்படுத்தி மாட்டினார்கள். ஒவ்வொரு காலும் தனித்தனியாக நீளவும் சுருங்கவும் இடம் கிடைத்தது. இணைப்பு மாறியதும் உடைவு அடங்கியது என்றால், வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, தயாரிப்புக் குறையோடு வடிவமைப்புக் குறையையும் தனியே பெயர் சொல்லித் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநர், பயணிகள், சாலையில் செல்வோர் ஆகியோருக்கோ தீங்கு செய்யக்கூடிய குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அதற்குப் புகார்கள் சேர வேண்டும். “போல்ட் மாற்றப்பட்டது” என்று ஒற்றை வரியில் பில் போட்டால் புகார் எப்படிச் சேரும்? ஒவ்வொரு உடைவும் தனித்தனி மட்டமான போல்ட்டாகப் பதிவாகும்வரை, ஒரே மாடலில் ஒரே துளை உடைகிறது என்ற செய்தி எந்த மேசைக்கும் போகாது.

இந்த ஏழு மறுப்புகளுக்கும் பிறகு, நாளை காலை சூளகிரியில் டிக் சத்தத்தோடு வரும் வண்டிக்கு என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. வேலை ஒரு போல்ட்டில் முடியாது. மேனிஃபோல்டை முழுசாக இறக்க வேண்டும். நேர்ப்பட்டையை ஃபிளாஞ்சின் மேல் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று ஒவ்வொரு துளைப் பக்கமும் பார்க்க வேண்டும்; அந்த எஞ்சினின் கையேடு சொல்லும் அளவைத் தாண்டினால் சர்ஃபேஸ் கிரைண்டிங் அல்லது புது மேனிஃபோல்டு. ஹெட்டின் முகத்தையும் அதேபோலப் பார்க்க வேண்டும். வெறும் மேனிஃபோல்டைக் கேஸ்கட் இல்லாமல் ஸ்டட்டில் மாட்டி, கோடித் துளை நெம்பாமல் உட்காருகிறதா என்று சோதிக்க வேண்டும். உட்காரவில்லையென்றால் அது சுருங்கிவிட்டது. எந்தப் போல்ட்டும் அதைக் காப்பாற்றாது. டர்போவையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எஞ்சின் பிளாக்கோடு பிடிக்கும் பிராக்கெட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போன முறை கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால், அந்த எடை முழுவதும் மேனிஃபோல்டில் தொங்கி ஆடிக்கொண்டிருக்கும். போல்ட்டுகள் அனைத்தும் புதிதாக, கம்பெனி சொன்ன தரத்தில், கேஸ்கட் புதிது, நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்ச் வைத்து.

கூலி கூடும் என்பது உண்மை. அரைநாள் வேலை ஒன்றரை நாளாகும், லேத்துக்கும் கொடுக்க வேண்டும். ஆனால் ஒப்பிட வேண்டியது ஒரு போல்ட்டின் விலையோடு அல்ல. உடைந்த துண்டைத் துளையிட்டு எடுப்பது, நட்டு வைத்து வெல்டிங் அடித்துச் சுழற்றுவது, அதில் டிரில் சறுக்கி ஹெட்டைத் தின்பது, அப்புறம் ஹெட்டையே இறக்குவது என்ற வரிசையோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு உடைவும் அந்த வரிசையில் ஒரு படி முன்னே தள்ளுகிறது.

உரிமையாளர் செய்ய வேண்டியதும் உண்டு. உடைந்த துண்டை வாங்கி ஒரு கவரில் போட்டு வைக்கட்டும். எந்தத் துளை, எத்தனை கிலோமீட்டர், ஃபிளாஞ்சில் எவ்வளவு வளைவு என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்கட்டும். இரண்டாவது முறை அதே துளை உடைந்தால், அந்த இரண்டு கார்டுகளோடும் துண்டுகளோடும் கம்பெனிக்கு எழுத்தில் புகார் போகட்டும். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகட்டும். அங்கே வந்து “போல்ட் மட்டம்” என்று சொல்பவர், அதே துண்டின் முறிவு முகத்தைக் காட்டி, களைப்பால் உடையவில்லை என்று நிறுவட்டும். இதுவரை நிறுவ வேண்டிய பொறுப்பு பணம் கட்டியவரிடமே இருந்தது. அது கைமாற வேண்டும்.